ஏரிக்கரை நேஷனல் பார்க் ஆனால் உண்மையில் என்ன மாறும்? இண்டியானா டூன்ஸ் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வடகரை_மருந்தாளர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். விஸ்கான்சினின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய ஆஷ்லண்டில் ஒன்பது வருஷமாக இருக்கிறோம். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் பேஃபீல்ட் வந்துவிடும். அங்கிருந்து படகேறினால் அப்பாசில் தீவுகள். 21 தீவுகளும் கரையோரமாக 12 மைல் நிலமும் சேர்ந்து, 1970-ல் உருவான 'நேஷனல் லேக்‌ஷோர்' என்ற பெயரில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. பார்த்துக்கொள்வது, நேஷனல் பார்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் அதே மத்திய அரசு அமைப்பான நேஷனல் பார்க் சர்வீஸ்தான்.

2024-ல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எங்கள் தொகுதி உறுப்பினரான டாம் டிஃபனி, இதை 'நேஷனல் பார்க் அண்ட் பிரிசர்வ்' என்று மாற்றச் சொல்லி ஒரு மசோதா கொண்டுவந்தார். நடந்தால் விஸ்கான்சினின் முதல் நேஷனல் பார்க் இதுதான். அன்றிலிருந்து ஊரில் இந்தப் பேச்சு ஓயவில்லை. பேஃபீல்டில் சின்னதாக ஒரு விடுதி நடத்தும் நண்பர், "எட்டு மாதக் குளிரைத் தாக்குப்பிடிக்க நாலு மாத வருமானம் போதவில்லை, இது வந்தால்தான் பிழைப்பு" என்கிறார். என் பிள்ளைகளுக்குக் கயாக் சொல்லிக்கொடுத்த வழிகாட்டிப் பெண் இதைக் கேட்டாலே முகம் வாடிப்போகிறாள். ஜூன் மாதத்திலும் இந்தத் தண்ணீரில் விழுந்தால் உடம்பு விறைத்துவிடும். கரையோரப் பாறைக் குகைகள் பக்கம் காற்று திரும்பினால் ஒதுங்க இடமே கிடையாது. "பெயரைப் பார்த்துவிட்டு, கடையில் வாங்கிய ரப்பர் படகோடு வருவார்கள். அவர்களைத் தேடிப் போகப் போவது நாங்கள்தான்" என்று சொன்னாள். அவள் சொன்னது எனக்குள் அப்படியே நிற்கிறது.

கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஒருமுறை பார்த்திருக்கிறது. நாங்கள் இங்கே குடிவருவதற்கு முன்பு, 2014 குளிர்காலத்தில், ஏரி உறைந்து பனிக்குகைகளுக்கு நடந்தே போக முடிந்தது. இரண்டு மாதத்தில் சுமார் 1,38,000 பேர் வந்தார்களாம். பேஃபீல்டின் மக்கள்தொகை 600-கூட இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் மைல் கணக்கில் வண்டிகள் நின்றதைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றும் சொல்வார்.

அடுத்த மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் இதைப் பற்றிப் பேசக் கூடுகிறோம். எனக்கும் இரண்டு நிமிஷம் தருவார்கள். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நிற்கிறேன். மிஷிகன் ஏரியின் மணல்மேட்டுக் கரையான இண்டியானா டூன்ஸும் எங்களைப் போல லேக்‌ஷோராக இருந்து 2019-ல் நேஷனல் பார்க் ஆனது. உங்களில் யாராவது அப்போது அங்கே இருந்தீர்களா? கட்டணம், கூட்டம், ரேஞ்சர் எண்ணிக்கை, பாதுகாப்பு என்று நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சிகாகோ_வார_இறுதி:

நான் சிகாகோவில் 2011 முதல் இருக்கிறேன். ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று தெரிந்தும் எட்டு வருஷம் இண்டியானா டூன்ஸ் பக்கம் போனதே இல்லை. 2019-ல் பெயர் மாறியதைச் செய்தியில் பார்த்த பிறகுதான் குடும்பத்தோடு முதல்முறை போனேன். அதே மணல், அதே தண்ணீர் முன்பும் அங்கேதான் இருந்திருக்கிறது. 'லேக்‌ஷோர்' என்ற சொல் எனக்கு ஒரு குளிக்கும் கரையாகத்தான் கேட்டது. 'நேஷனல் பார்க்' என்றதும் ஏதோ தவறவிட்டுவிட்டோம் என்று தோன்றியது. எல்லா நேஷனல் பார்க்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதையே வாழ்நாள் ஆசையாக வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். இப்போது பட்டியலில் 63 இருக்கிறது. உங்கள் தீவுகள் சேர்ந்தால் அவர்கள் கட்டாயம் அங்கே வருவார்கள். நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குத் தெரியாது. வருவார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

மணல்மேட்டு_டீச்சர்:

தம்பி, நான் இண்டியானா டூன்ஸை ஒட்டிய செஸ்டர்டனில் 2003-லிருந்து இருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஏரிக்கரை எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம். அம்மா முதல்முறை இங்கே வந்தபோது கரையில் நின்று, "கடல்தானே இது?" என்று கேட்டு, குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தை இன்னும் மறக்கவில்லை. இந்தக் கரையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்த முகம்தான் முதலில் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாறிய நாள் 2019 பிப்ரவரி 15. அன்று டிவி முழுக்க மெக்சிகோ எல்லைச் சுவர் பற்றிய பேச்சுதான். அந்த வருஷத்து நிதி மசோதாவில் ட்ரம்ப் கையெழுத்திட்ட நாள் அது. அந்தப் பெரிய மசோதாவுக்குள் இருந்த சில வரிகள்தான் எங்கள் ஏரிக்கரையை நாட்டின் 61-ஆவது நேஷனல் பார்க் ஆக்கின. எங்கள் காங்கிரஸ் உறுப்பினர் பீட் விஸ்க்ளாஸ்கி அதற்காக விடாமல் முயன்றிருந்தார். மூன்று வாரம் முன்புதான், நிதி ஒதுக்கப்படாமல் அரசு அலுவலகங்கள் மூடிக்கிடந்த 35 நாள் ஷட்டவுன் முடிந்து ரேஞ்சர்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். மறுநாள் வகுப்பே நடக்கவில்லை, பிள்ளைகளோடு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசை. ஆனால் மறுநாள் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பேசினோம்.

அப்புறம் அந்த வரிகளைத் தேடி எடுத்துப் படித்தேன். 'லேக்‌ஷோர்' என்று இருந்த இடத்தில் எல்லாம் 'பார்க்' என்று மாற்றியிருந்தார்கள். மில்லர் உட்ஸில் இருக்கும் ஒரு நடைபாதைக்கு, இந்தக் கரைக்காகப் போராடிய செனட்டர் பால் டக்ளஸின் பெயரை வைத்திருந்தார்கள். எல்லைக்கோடு நகரவில்லை. சுமார் 15,000 ஏக்கர், 15 மைல் கரை, முன்பு இருந்ததேதான். 1966-ல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் இன்றும் எங்களை ஆள்கிறது. கூடுதலாக ஒரு டாலர்கூட அதில் எழுதப்படவில்லை. ஒரு ரேஞ்சர்கூடக் கூட்டப்படவில்லை. உங்கள் கூட்டத்தில் பேசுகிறவர்கள் பலர், பெயர் மாறினாலே வாஷிங்டனிலிருந்து பணம் வரும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பெயரும் பட்ஜெட்டும் தனித்தனி.

வந்தது மனிதர்கள். 2018-ல் சுமார் 17.5 லட்சம் வருகைகள். 2019-ல் 21 லட்சத்தைத் தாண்டியது. 2021-ல் 31 லட்சத்துக்கும் மேல். அதில் கோவிட் காலத்துப் பங்கும் பெரிது, எல்லாரும் வெளியில் போக ஏங்கிக் கிடந்த வருஷங்கள் அவை. ஆனால் முதல் கோடையிலேயே, கோவிட் என்ற சொல்லே கேள்விப்படாத அந்தக் கோடையிலேயே, கார் நிறுத்தும் இடங்களில் நான் அதுவரை பார்த்திராத மாநிலங்களின் நம்பர் பிளேட்டுகள் தெரிந்தன. சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் இடம் நிரம்பி, வண்டிகள் ஊர்ச் சாலைகளில் சுற்ற ஆரம்பித்தன.

கட்டணம் உடனே வரவில்லை. முன்பு வெஸ்ட் பீச்சில் மட்டும் கோடையில் காருக்கு 6 டாலர் வாங்குவார்கள். 2022 மார்ச் 31 முதல் பார்க் முழுவதற்கும் நுழைவுக் கட்டணம் வந்தது. காருக்கு 25 டாலர், ஏழு நாள் செல்லும். வருஷ பாஸ் 45. நடந்தோ சைக்கிளிலோ வந்தால் ஆளுக்கு 15, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் கோபப்பட்டார்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்துவிட்டு வருவதற்குப் பாஸா என்று கேட்டார்கள். எனக்குப் பாஸ் வாங்குவதில் கஷ்டம் இல்லை. பக்கத்து ஆலை நகரமான கேரியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களை நினைத்துத்தான் மனசு கேட்கவில்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் வசூலித்த இடத்திலேயே செலவாக வேண்டும் என்பது விதி. காங்கிரஸ் தராத பணத்தை வருகிறவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

இன்னொரு குழப்பம் உங்களுக்கு நேராது, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பார்க்குக்கு நடுவிலேயே 1925-ல் உருவான ஸ்டேட் பார்க் ஒன்று இருக்கிறது. அது மாநிலத்துடையது, கட்டணம் வேறு. நேஷனல் பார்க் பாஸைக் காட்டிவிட்டு அந்த வாசலில் திரும்பி நிற்கும் குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன்.

இனி எனக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது மாரம் புல். மேலே பார்த்தால் நாலு தாள் மாதிரிதான் தெரியும், கீழே வேரும் தண்டும் வலைபோல் ஓடி மணலைக் கட்டிவைத்திருக்கும். எவ்வளவு மணல் வந்து மூடினாலும் மேலே முளைத்து வந்துவிடும். மனிதன் மிதிப்பதை மட்டும் அதனால் தாங்க முடியாது. நாலு பேர் குறுக்கு வழியில் ஏறினால் ஒரு தடம் விழும். தடத்தில் புல் சாகும், காற்று அங்கே வாய் வைக்கும், அப்புறம் அந்தப் பள்ளம் வருஷா வருஷம் பெரிதாகும். மவுண்ட் பால்டி என்று 120 அடிக்கு மேல் உயர்ந்த மணல்மேடு ஒன்று இருக்கிறது. அது உள்நாட்டுப் பக்கமாக நகர்ந்து, தன் கார் நிறுத்துமிடத்தையே விழுங்கப் பார்க்கிறது. மிஷிகன் சிட்டித் துறைமுகத்தின் கட்டுமானம் கரையோரமாக வரும் மணலைத் தடுத்துவிட்டது ஒரு காரணம், பல தலைமுறை மிதித்த கால்கள் இன்னொரு காரணம். அந்த மேடு நகரும்போது மூடிய மரங்கள் உள்ளே மக்கிப்போய்ப் பொந்துகள் உண்டாகின்றன. 2013-ல் ஒரு சிறுவன் அப்படி ஒரு பொந்தில் விழுந்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் மணலுக்குள் இருந்து உயிரோடு மீட்கப்பட்டான். அதன் பிறகு உச்சிக்கு ரேஞ்சரோடு மட்டும்தான் போக முடியும். கூட்டம் கூடினால் இந்த மாதிரி இடங்களுக்குக் காவலும் விளக்கிச் சொல்கிற ஆளும் வேண்டும். உங்கள் கயாக் பெண் சொல்வது இதே விஷயம். உங்கள் இடத்தில் மணலுக்குப் பதில் குளிர்ந்த தண்ணீர்.

அதே 2019 ஆகஸ்டில், பெயர் மாறி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, ஏரிக்கரை எஃகு ஆலை ஒன்றிலிருந்து சயனைடும் அம்மோனியாவும் லிட்டில் கேலுமெட் ஆற்றுக்குப் போய்விட்டன. ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தது. பார்க்கின் ஒரு குளிக்கும் கரையை மூடினார்கள். மூடிய வாசலுக்கு முன்னால் நின்று வாசலில் இருந்த பெயரைப் படித்தேன். பார்க்கின் எல்லைக்கு வெளியே நடப்பதை அந்தப் பெயர் தடுக்காது. எங்கள் பார்க் துண்டு துண்டாக இருப்பதற்கே காரணம் அறுபதுகளில் செய்த சமரசம்தான். நடுவில் கொஞ்சத்தைத் துறைமுகத்துக்கும் ஆலைக்கும் கொடுத்து, இரண்டு பக்கத்தையும் காப்பாற்றினார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டதால் நான் எதிர்ப்பாளி என்று நினைத்துவிடாதீர்கள். இன்று ஓட்டுப் போடச் சொன்னாலும் பெயர் மாற்றத்துக்கே போடுவேன். 1916-லேயே பார்க் சர்வீஸின் முதல் இயக்குநர் ஸ்டீஃபன் மேத்தர் சிகாகோவில் ஒரு விசாரணை நடத்தி, இங்கே 'சாண்ட் டூன்ஸ் நேஷனல் பார்க்' வேண்டுமா என்று கேட்டார். மறு வருஷம் அமெரிக்கா போரில் இறங்கியது, அது அப்படியே நின்றுபோனது. 1952-ல் டாரதி பியூல் என்ற பெண்மணி 'சேவ் தி டூன்ஸ் கவுன்சில்' ஆரம்பித்தார். பதினாலு வருஷம் கழித்துத்தான் லேக்‌ஷோராவது கிடைத்தது. தங்கள் ஊர் என்றாலே புகைக்கூண்டு என்று கேட்டுப் பழகிய என் மாணவர்கள், "எங்க ஊர்ல நேஷனல் பார்க் இருக்கு" என்று சொல்வதை நான் காதால் கேட்டேன். போன வருஷம் என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது தாவரவியல் படிக்கிறாள். தாவரவியலாளர் ஹென்றி கோல்ஸ் 1899-ல் இந்த மணலில் நடந்து நடந்துதான், ஒரு நிலத்தில் புல்லும் புதரும் காடும் எந்த வரிசையில் வருகின்றன என்று எழுதினார். தண்ணீர் ஓரத்திலிருந்து உள்ளே நடந்தால் அந்த வரிசையைக் காலாலேயே படிக்கலாம். அவர் பெயரில் ஒரு 'பாக்' இருக்கிறது. உண்மையில் அது 'பாக்' வகைச் சதுப்பு இல்லை, 'ஃபென்'. மழைநீரை நம்பி இல்லாமல் நிலத்தடி நீரால் வாழ்கிறது. பெயர் தப்பாகவே நிலைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு அதை விளக்காமல் நான் அந்தப் பாதையைத் தாண்டுவதில்லை.

உங்கள் இரண்டு நிமிஷத்துக்கு நான் சொல்வது இதுதான். வேண்டுமா வேண்டாமா என்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். மசோதாவின் வாசகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மீட்பு ஆட்களுக்குப் பணம் எங்கே எழுதியிருக்கிறது, வண்டி நிறுத்தும் இடமும் பஸ்ஸும் யார் பொறுப்பு, உள்ளூர்க்காரர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருந்துவிட்டோம். பெயர் வந்த பிறகு கேட்டால் காது கொடுப்பவர்கள் குறைவு.

மிஷிகன்_வடக்கு:

டீச்சர் எழுதியதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு. ஆனால் கூட்டத்தையும் கட்டணத்தையும் பெயரின் கணக்கில் எழுதுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் மார்க்வெட்டில் இருக்கிறேன், பக்கத்தில் பிக்சர்ட் ராக்ஸ், சுப்பீரியர் ஏரியின் பாறைக்கரை. 1966 அக்டோபரில் நாட்டின் முதல் நேஷனல் லேக்‌ஷோராக வந்தது. இன்றும் லேக்‌ஷோர்தான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. 2020-ல் வருகை 12 லட்சத்தைத் தொட்டது. மைனர்ஸ் கேசில் சாலையில் வண்டி ஊர்ந்து போகும். 2022-ல் எங்களுக்கும் காருக்கு 25 டாலர் கட்டணம் வந்துவிட்டது. பாறையின் நிறத்தையும் தண்ணீரின் நிறத்தையும் போனில் படம் எடுத்து எல்லாரும் அனுப்பிக்கொண்டதுதான் காரணம், சட்டம் இல்லை. கீழ்ப்பக்கம் ஸ்லீப்பிங் பேர் டூன்ஸ் லேக்‌ஷோரும் அப்படித்தான். 2011-ல் ஒரு டிவி நிகழ்ச்சி நாட்டிலேயே அழகான இடம் என்று அதைச் சொன்னது, அன்றிலிருந்து கூட்டம்.

அதனால், தம்பி, பெயரை மறுத்துவிட்டால் பேஃபீல்ட் இப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். அந்தக் குகைகளின் படம் ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றுகிறது. 2014-ல் அந்த ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் வந்தவர்கள் நேஷனல் பார்க் என்று நினைத்தா வந்தார்கள்?

இன்னொன்று. எங்கள் பக்கம் இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டை பெரிய விஷயம். பிக்சர்ட் ராக்ஸில் வேட்டைக்கு அனுமதி உண்டு, அதன் சட்டத்திலேயே இருக்கிறது. நேஷனல் பார்க் என்றால் பொதுவாக வேட்டை கிடையாது. அதனால்தான் 2020 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் கார்ஜை மாற்றியபோது 7,021 ஏக்கரை மட்டும் பார்க் ஆக்கி, 65,000 ஏக்கருக்கு மேல் 'பிரிசர்வ்' என்று விட்டு அங்கே வேட்டையை வைத்துக்கொண்டார்கள். உங்கள் மசோதாவில் 'பிரிசர்வ்' என்ற சொல் இருப்பதற்கும் அதுவே காரணம். எந்தத் தீவு எதற்குள் வருகிறது என்று வரைபடத்தைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து சாண்ட் ஐலண்டைத்தான் பிரிசர்வ் என்று வைத்திருந்தார்கள். மற்ற இடங்களில் வேட்டையாடிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கூட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

டுலூத்_கரையோரம்:

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. அந்தத் தீவுகள் ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களின் வீடு. தீவுக்கூட்டத்திலேயே பெரியதான மேடலின் தீவு லேக்‌ஷோருக்குள் வராது, ஆனால் அவர்களின் மனசில் அதுதான் நடு. கரையில் இருக்கும் 12 மைல் துண்டை ஒட்டியே, ஒஜிப்வேக்களில் ஒரு குழுவான ரெட் கிளிஃப் மக்களின் நிலம் இருக்கிறது. கிழக்கே பேட் ரிவர் என்ற இன்னொரு குழுவின் நிலம். அமெரிக்க அரசோடு செய்த 1842, 1854 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோது வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் காட்டில் சேகரிக்கவும் உரிமையை அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமையை அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்ததாகப் பேசுவது தப்பு. அவர்கள் கொடுக்காமல் வைத்துக்கொண்டது அது.

அறுபதுகளில் இந்த லேக்‌ஷோரைத் திட்டமிட்டபோது ரெட் கிளிஃப், பேட் ரிவர் நிலங்களையும் உள்ளே சேர்க்கப் பார்த்தார்கள். அவர்கள் சம்மதிக்கவில்லை, எல்லையை மாற்ற வேண்டியிருந்தது. 1970-ன் எல்லை இப்படி வளைந்து நெளிந்து இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. 2012-ல் ரெட் கிளிஃப் மக்கள் தாங்களாகவே 'ஃபிராக் பே ட்ரைபல் நேஷனல் பார்க்' திறந்தார்கள். நாட்டிலேயே அந்த வகையில் அதுதான் முதல். ஆகவே அந்தக் கரையில் நேஷனல் பார்க் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அவர்கள் வைத்தது. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். மரப்பலகைப் பாதையில் நடந்து, தேவதாரு வாசனையோடு கரைக்கு இறங்கினால் எதிரே தீவுகள் தெரியும். ஒருவர் பேச்சுக்கூடக் கேட்காது.

கூட்டத்தில் உங்களுக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால், அதில் முப்பது நொடியை ரெட் கிளிஃப் சபையிடம் முதலில் கேட்டீர்களா என்பதற்குக் கொடுங்கள். முடிந்தால் கூட்டத்துக்கு முன்பே போய் அவர்களில் ஒருவரோடு பேசுங்கள். ஆஷ்லண்டிலிருந்து தூரமே இல்லை.

வடகரை_மருந்தாளர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. டீச்சர், உங்கள் பதிவை இரவு வீட்டில் சத்தமாகப் படித்தேன். மனைவி மாரம் புல் பகுதியை மறுபடி படிக்கச் சொன்னாள்.

மூன்று நாளாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மிஷிகன் அண்ணா சொன்னபடி வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். விடுதி நண்பரும் நானும் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து உட்கார்ந்தோம். அவர் பெயரைப் பற்றி ஒரு வருஷமாகப் பேசுகிறார், வாசகத்தை அவரும் படித்ததில்லை. பணம் என்ற சொல்லை இருவரும் தேடினோம், கிடைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "அப்படியானால் பஸ் விடச் சொல்லி நானும் கேட்கிறேன்" என்றார். மேயர்ஸ் பீச்சில் வண்டி நிறுத்த இருக்கும் இடம் இப்போதே கோடை ஞாயிறுகளில் போதவில்லை.

டுலூத் நண்பரே, நீங்கள் எழுதியது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மருந்து வாங்க வரும் ரெட் கிளிஃப் பெரியவர்கள் பலரை எனக்கு முகம் தெரியும். ஒன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒருவரிடமும் கேட்டதில்லை. நேற்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். "சின்ன வயதில் என் தாத்தாவோடு மீன் வலை போட்ட இடம் எல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது. அதை என்ன பெயரில் கூப்பிட்டாலும் வலை போட விட வேண்டும்" என்றார். கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் என் இரண்டு நிமிஷத்தையும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன். கயாக் பெண் தனியாகப் பேசப் பெயர் கொடுத்துவிட்டாள்.

டீச்சர், ஒரு சின்னக் கேள்வி. ஜூனில் சிகாகோ வருகிறோம். பிள்ளைகளுக்குப் பூச்சி தின்னும் செடி பார்க்க வேண்டும் என்று ஆசை. உங்கள் பக்கம் இருக்கிறதா?

மணல்மேட்டு_டீச்சர்:

இருக்கிறது தம்பி, கட்டாயம் வாருங்கள். பின்ஹுக் பாக் என்று பெயர். இது உண்மையாகவே பாக்தான். பாசி மெத்தை தண்ணீரில் மிதக்கிறது, அதன் மேல் பலகை போட்டிருக்கிறார்கள். குடுவைச் செடி ஜூனில் பூத்திருக்கும், குடுவைக்குள் மழைத்தண்ணீர் நிற்பதைப் பிள்ளைகள் குனிந்து பார்க்கலாம். நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது, ரேஞ்சர் கூட்டிப்போகும் நாட்களில்தான் திறப்பார்கள். பார்க்கின் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். நனைந்தால் பரவாயில்லை என்கிற செருப்பு போட்டு வாருங்கள். பலகையை ஒட்டி விஷ சுமாக் வளர்ந்திருக்கும், எந்த இலையையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேதி தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், நானும் வருகிறேன்.